ஒரே செல், வேறு படுக்கை

நேயர்களுக்கு வணக்கம்.

ஒரே மாவுதான். குழித்தட்டில் ஊற்றி ஆவியில் வைத்தால் இட்லி, கல்லில் தேய்த்தால் தோசை. ஆய்வகத்தில் வளரும் புற்றுநோய் செல்களும் ஏறக்குறைய அப்படித்தான். எதன்மேல் வளர்க்கிறோம், எதை ஊட்டுகிறோம், எத்தனை நாள் விட்டுவைக்கிறோம் என்பதைப் பொறுத்து அவை முதிர்ந்து ஒரு வேலையைப் பழகும். இல்லையேல் வெறுமனே பெருகிக்கொண்டிருக்கும். இந்த முதிர்ச்சிக்குத்தான் செல் வேறுபாடு என்று பெயர்.

காக்கோ-2 என்றொரு செல் வரிசை, அதாவது ஆய்வகத்தில் தலைமுறை தலைமுறையாகப் பெருகிவரும் ஒரே செல் குடும்பம். 1970-களில் நியூயார்க்கின் ஸ்லோன் கெட்டரிங் நிறுவனத்தில் பெருங்குடல் புற்றுக்கட்டியிலிருந்து உருவாக்கப்பட்டது. தட்டு நிறையும்வரை பெருகும். நிறைந்து, செல்லோடு செல் தொட்டுக்கொண்டதும் வேகம் குறையும். பிறகு மூன்று வாரம், அதாவது 21 நாள், அப்படியே விட்டால் மேற்புறத்தில் நுண்விரல்கள் முளைக்கும். சீனியை உடைக்கும் சுக்ரேஸ் நொதி தோன்றும். சீனியை உடைப்பது சிறுகுடலின் வேலை. இதுவோ பெருங்குடல் செல்!

இங்கே அவசரம்தான் பகை. ஏழாம் நாளில் சோதித்துவிட்டு "முதிரவில்லை" என்று எழுதினால் பிழை செல்லினுடையதல்ல. ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 60,000 முதல் ஒரு லட்சம் செல் விதைத்து, இரண்டு நாளுக்கொரு முறை ஊடகத்தை, அதாவது செல்லுக்கு உணவாகும் திரவத்தை, மாற்றி, காத்திருக்க வேண்டும். விதைத்ததும் தட்டைச் சுழற்றாதீர்கள், செல்லெல்லாம் நடுவில் குவிந்துவிடும். முன்னும் பின்னும், இடமும் வலமும் அசைத்தால் போதும்.

வெறும் பிளாஸ்டிக்கில் உணவு மேலிருந்து மட்டும் வரும். நுண்துளைச் சவ்வில் வளர்த்தால் கீழிருந்தும் வரும், குடலில் ரத்தம் ஊட்டுவதுபோல. செல்கள் இறுகக் கோத்துக்கொண்டனவா என்பதை மின்தடை சொல்லும்: இறுக இறுக, தடை ஏறும். மீட்டர் 400 ஓம் காட்டுகிறது, வெற்றுச் சவ்வு 120 என்றால் மீதி 280. அதைச் சவ்வின் பரப்பான 1.12 சதுர சென்டிமீட்டரால் பெருக்கினால் சுமார் 314. கழிக்க மறப்பவர்கள் உண்டு. இன்கியூபேட்டரிலிருந்து எடுத்த தட்டு ஆறிப்போனால் அளவு பொய்யாக ஏறும் என்பதை மறப்பவர்கள் இன்னும் அதிகம்.

அடுத்து ஊட்டம். வழக்கமான ஊடகத்தில் லிட்டருக்கு 4.5 கிராம் குளுக்கோஸ். சாப்பிடுமுன் நம் ரத்தத்தில் இருப்பது சுமார் 1 கிராம். அந்தத் தித்திப்பில் எச்.டி.-29 என்ற இன்னொரு பெருங்குடல் செல் முதிரவே முதிராது. குளுக்கோஸுக்குப் பதில் காலக்டோஸ் கொடுத்தால் முதலில் பெரும்பாலானவை சாகும். பிழைத்தவை, தட்டு நிறைந்தபின், முதிர்ந்த குடல் செல்லாக மாறும். ஒரு கண்ணி உண்டு: ஊடகத்தில் சேர்க்கும் சீரத்திலேயே, அதாவது ரத்தத்திலிருந்து பிரித்த தெளிநீரிலேயே, குளுக்கோஸ் ஒளிந்திருக்கும். டயாலிசிஸ் செய்து குளுக்கோஸை நீக்கிய சீரம் வாங்காவிட்டால் சோதனை வீண்.

மாவு உவமை இங்கே உடைகிறது. மாவுக்கு நேற்றைய நினைவில்லை, செல்லுக்கு உண்டு. தட்டு எவ்வளவு நிறைந்தபின் செல்லைப் பிரித்துப் புதுத் தட்டில் நட்டோம், எத்தனையாவது தடவை பிரிக்கிறோம் என்பதெல்லாம் முதிர்ச்சியில் தெரியும். அந்த எண்ணைக் குறிக்காத ஆய்வேட்டை நான் சந்தேகத்தோடுதான் படிப்பேன்.

நேரம் நெருங்குகிறது என்று சைகை வருகிறது. முப்பரிமாண வளர்ப்பைச் சுருக்கமாகவாவது சொல்ல வேண்டும். 1992-ல் அமெரிக்காவின் பெர்க்லியில் உயிரியலாளர் மினா பிஸ்ஸல் குழு, பிளாஸ்டிக்கில் பிரித்தறிய முடியாத இயல்பான மார்பகச் செல்லையும் புற்றுச் செல்லையும் மென்கூழுக்குள் வளர்த்தது. இயல்பானது சின்ன உருண்டையாகி நின்றது. புற்று ஒழுங்கின்றிப் பெருகியது. முயல்பவர்கள் அந்த மேட்ரிஜெல் கூழை 4 டிகிரியில் இரவு முழுக்க வைத்து உருக்குங்கள். பிப்பெட் முனையும் குளிர்ந்திருக்கட்டும், இல்லையென்றால் கூழ் சூடுபட்டு முனைக்குள்ளேயே இறுகிவிடும். வணக்கம்.