கட்ச் ரண்ணில் பூநாரைகள்

நேயர்களுக்கு வணக்கம்.

பூநாரை பார்க்கவா குஜராத் வரைக்கும் போகிறாய் என்று நண்பர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். பழவேற்காட்டில் பூநாரை உண்டு, கோடியக்கரையில் உண்டு, சில வருடங்களில் பள்ளிக்கரணையிலேயே சாலையோரம் நின்று பார்த்துவிடலாம். ஆனால் நம் கரையோரங்களுக்கு அவை இரை தேடித்தான் வருகின்றன. இந்தியாவில் பெருங்கூட்டமாகக் கூடிக் கூடு கட்டிக் குஞ்சு பொரிப்பது கட்ச் ரண்ணில்தான். பிறந்த ஊரில் வைத்து ஒரு பறவையைப் பார்ப்பதில் கொஞ்சம் கூடுதல் ருசி இருக்கிறது.

பாலைவனம் என்றதும் மணல்மேடும் ஒட்டகமும் நினைவுக்கு வரும். ஒட்டகம் இருக்கிறது. மணல்மேட்டை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். ரண் என்பது உப்பும் சேறும் கலந்த பெருந்தரை, கடல் மட்டத்தைவிடச் சற்றே உயரம். மழைக்காலத்தில் ஆறுகள் வெள்ளத்தைக் கொண்டுவந்து கொட்டும். தென்மேற்குக் காற்று கடல்நீரையும் உள்ளே தள்ளிவிடும். முழங்கால் ஆழத்துக்குக் கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீர். ஐப்பசி பிறந்த பிறகு அது மெல்ல வற்றத் தொடங்கும். வற்ற வற்ற, மிஞ்சிய தண்ணீரில் உப்பு ஏறும். உப்பு ஏறியதும் மீன்கள் தாக்குப்பிடிக்காது. மீன் இல்லாத நீரில் உப்புநீர் இறாலும், பூச்சிப் புழுக்களும், நீலப்பச்சைப் பாசியும் தடையில்லாமல் பெருகும். வேறு பறவைகள் பெரிதாகப் போட்டிக்கு வராத பந்தி அது. கடல்நீரைவிட உப்பான தண்ணீரிலும் பூநாரை நாள் முழுக்க நிற்கும். உடம்பில் சேரும் உப்பை வெளியேற்றக் கண்ணருகே தனிச் சுரப்பி வைத்திருக்கிறது.

ரண்ணில் பெரியது, சின்னது என்று இரண்டு உண்டு. குளிர்காலத்தில் சுலபமாகப் போய்ச் சேரக்கூடியது சின்ன ரண். அகமதாபாத்திலிருந்து ஏறக்குறைய 100 கிலோமீட்டர் போனால் தசாடா, ஜைனாபாத், பஜானா என்று ரண்ணின் ஓரத்து ஊர்கள் வந்துவிடும். அங்கே ஜீப் கிடைக்கும். நுழைவதற்கு வனத்துறை அனுமதி வேண்டும், ஏனென்றால் சின்ன ரண்ணின் பெரும்பகுதி காட்டுக்கழுதைச் சரணாலயம். ஜனவரி அதிகாலையில் திறந்த ஜீப்பில் போனால், சென்னைவாசிக்கு ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர் போட்டாலும் போதாது. கம்பு ரொட்டி, வெண்ணெய், வெல்லம், பூண்டுச் சட்னி என்று கிராமத்துச் சாப்பாடு கிடைத்தால் விடாதீர்கள்.

வழியெல்லாம் நம் சீமைக் கருவேலம்! அங்கே அதற்குப் 'பைத்தியக் கருவேல்' என்று அர்த்தம் வருகிற மாதிரி 'காண்டோ பாவள்' என்று பெயர். காட்டுக்கழுதைகள் அதன் நெற்றுகளைத் தின்று, போகிற இடமெல்லாம் விதையைப் பரப்பிவிடுகின்றன. ராமநாதபுரத்துக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இன்னும் உள்ளே போனால் உப்பளங்கள். அகரியா என்று அழைக்கப்படும் உப்புத் தொழிலாளர் குடும்பங்கள், மழை ஓய்ந்ததும் ரண்ணுக்குள் குடிபெயர்ந்து, அடுத்த மழை வரும்வரை குடிசை போட்டுத் தங்குகின்றன. தரைக்கு அடியிலிருந்து உப்புநீரை இறைத்துப் பாத்தி கட்டுகிறார்கள். டீசல் இயந்திரம் ஓடிய பல இடங்களில் இப்போது சூரிய மின்பலகைகள் நிற்கின்றன. முதல் சில பாத்திகளில் உப்பு இன்னும் கட்டியாகாத தண்ணீர் நிற்கும். அங்கே பூநாரை வரும்.

இப்போது எனக்கு உள்ள ஒரு மனக்குறையைச் சொல்லிவிடுகிறேன். பூநாரை நிற்கும்போது வெளுப்பாகத்தான் தெரியும். சிறகை விரித்தால்தான் உள்ளே இருக்கும் சிவப்பும் ஓரத்துக் கறுப்பும் பளிச்சென்று வெளிப்படும். படம் எடுப்பவர்களுக்கு அந்தச் சிவப்பு வேண்டும். அதனால் சில ஜீப்காரர்கள் கூட்டத்தை நோக்கி வண்டியை விரட்டுகிறார்கள், ஹாரன் அடிக்கிறார்கள், பறவைகள் எழும்புகின்றன, கேமராக்கள் படபடக்கின்றன, அவ்வளவுதான், எல்லாரும் திருப்தியாகத் திரும்புகிறார்கள். ஓட்டுநரைச் சொல்லிக் குற்றமில்லை, கேட்பது நாம்தானே. பூநாரை கனமான பறவை. எழும்புவதற்கே தண்ணீரில் சில அடிகள் ஓட வேண்டும். அரித்து அரித்துச் சேர்த்த தீனியெல்லாம் அந்த ஓட்டத்தில் செலவாகிறது. அதைவிட எனக்கு உறுத்துவது வேறு: பார்க்க வேண்டியதை இவர்கள் பார்க்கவே இல்லை.

பார்க்க வேண்டியது அது சாப்பிடுவதை. தூரத்திலேயே ஜீப்பை நிறுத்தி, இன்ஜினை அணைத்துவிட்டு, சூரியனை முதுகுப்பக்கம் வைத்துக்கொண்டு தொலைநோக்கியை எடுங்கள். முதலில் காதில் விழுவது வாத்துக்கூட்டம் இரைவது போன்ற முணுமுணுப்பு. அப்புறம் தலைகள் கீழே போகும். பூநாரை அலகைத் தலைகீழாகத் தண்ணீரில் வைக்கிறது, மேல் அலகு கீழே, கீழ் அலகு மேலே. அதற்கேற்றபடி மேல் அலகும் அசையும். சதைப்பற்றுள்ள நாக்கு உள்ளே முன்னும் பின்னும் போய்த் தண்ணீரை உறிஞ்சி வெளியே தள்ளுகிறது. பெரிய பூநாரைக்கு நொடிக்கு ஐந்தாறு முறை. அலகின் உள்ளோரத்துத் தகடுகளில் இரை தங்கிவிடும். சில பறவைகள் நின்ற இடத்திலேயே காலால் சேற்றை மிதித்து மிதித்து வட்டமாகச் சுற்றும். அடியில் கிடக்கும் புழு மேலே வருவதற்காக. தண்ணீர் வற்றிய பிறகு போனால் அந்த வட்டக் குழிகள் சேற்றில் அப்படியே காய்ந்து கிடக்கும்.

அடுத்து, கூட்டத்தில் யார் யார் என்று பிரித்துப் பாருங்கள். பெரிய பூநாரை நாலடிக்கு மேல் உயரம். அலகு வெளிர் ரோஜா நிறம், நுனி மட்டும் கறுப்பு. சின்னப் பூநாரை மூன்றடிக்குள், அலகு முழுக்கவே கருஞ்சிவப்பு, உடம்பில் ரோஜா நிறம் கூடுதல். பெரியது சேற்றில் இறாலும் புழுவும் தேடும். சின்னது நீர்ப்பரப்பை ஒட்டிப் பாசியை அரிக்கும். ஒரே தண்ணீரில் இரண்டும் நிற்கலாம், சண்டை குறைவு. சாம்பல் நிறத்தில் நிற்பவை இளசுகள். இரையில் இருக்கும் நிறமிகள் உடம்பில் சேர்ந்து முழு நிறம் வர இரண்டு மூன்று வருடமாவது ஆகும். வளர்ந்த பெரிய பூநாரை வாலடிச் சுரப்பியின் எண்ணெயில் வரும் நிறமியை இறகில் தடவிக்கொண்டு இன்னும் சிவப்பேற்றிக்கொள்வதும் உண்டு. ஒப்பனை நமக்கு மட்டும் சொந்தமா என்ன?

ஒற்றைக் காலில் நிற்பதைப் பற்றியும் கேட்பார்கள். 2017இல் அமெரிக்க ஆய்வாளர்கள் இருவர் இறந்த பூநாரையின் உடலை ஒற்றைக் காலில் நிறுத்திப் பார்த்தார்கள். தசையின் வேலையே இல்லாமல் மூட்டுகள் எடையைத் தாங்கி நின்றன. இரண்டு காலில் நிறுத்த முடியவில்லை. அதாவது, ஒற்றைக்கால் தவம் அதற்கு ஓய்வு.

கூடு கட்டும் இடத்தை நீங்கள் பார்க்க முடியாது, பார்க்கப் போகவும் கூடாது. அது பெரிய ரண்ணுக்குள், காதிர் என்கிற தீவுப் பகுதியின் பக்கம் இருக்கிறது. 'பூநாரை நகரம்' என்றே பெயர். கட்ச் மன்னர் மூன்றாம் கெங்கார்ஜி காலத்தில் வெளியுலகுக்குத் தெரிந்தது. பறவையியலாளர் சாலிம் அலி 1945இல் நேரில் போய், லட்சக்கணக்கில் பறவைகள் இருப்பதாகக் கணக்கிட்டார். சேற்றைக் குவித்து ஓரடி உயரக் கூம்பு, உச்சியில் ஒரே முட்டை. ஏறக்குறைய ஒரு மாத அடைகாப்பை அப்பாவும் அம்மாவும் மாறி மாறிப் பார்த்துக்கொள்கிறார்கள். குஞ்சுக்கு இருவருமே தொண்டையில் ஊறும் சிவந்த பாலைப் புகட்டுகிறார்கள். ஊட்டி ஊட்டிப் பெற்றோரின் நிறம் வெளுத்துப்போகும். எல்லாமே தண்ணீர் மட்டத்தைப் பொறுத்தது. மழை பொய்த்தால் அந்த வருடம் கூடே கிடையாது. பாதியில் தண்ணீர் வற்றினால் நாயும் நரியும் நடந்தே வந்துவிடும். அளவுக்கு மீறிப் பெய்தால் கூடு கரையும். எந்த வருடம் கூடுவார்கள் என்று நாட்காட்டி பார்த்துச் சொல்ல முடியாது.

மின்கம்பிகளால் சாவதும் நடக்கிறது. 2011இல் காதிர் பக்கத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட பூநாரைகள் அப்படி இறந்தன. இப்போது கவ்டாவிலிருந்து தோலாவிரா வரை ரண்ணைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஒரு சாலை போகிறது. சிந்துவெளி நகரமான தோலாவிரா 2021இல் உலகப் பாரம்பரியச் சின்னமானதிலிருந்து கார்களும் பெருகிவிட்டன. அந்த வழியில் போவீர்களானால், தண்ணீர் நிற்கும் வருடங்களில் இருபுறமும் பறவைகள் தெரியும். காரைவிட்டு இறங்காமல் பாருங்கள். செல்ஃபிக்காக உப்புத்தரையில் ஓடாதீர்கள். மேலே வெள்ளைத் தகடு கெட்டியாகத் தெரியும், அடியில் முழங்கால் வரை இழுக்கும் சேறு.

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். மழை அதிகம் பெய்த வருடத்தில் பறவைகள் பரவலாகச் சிதறியிருக்கும், குறைந்த வருடத்தில் ஒரே இடத்தில் குவியும். புறப்படுமுன் அங்குள்ள வழிகாட்டி ஒருவரிடம் தொலைபேசியில் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். நன்றி, வணக்கம்.