பதறாமல் ஒரு நாள்: உதகை தாவரவியல் பூங்கா

அவைத்தலைவர் அவர்களே, வேலைப்பளுவுக்கு நடுவிலும் வந்து முன்வரிசையை நிறைத்திருக்கும் நகர்மன்ற உறுப்பினர்களே, எனக்கு முன்னால் பேசி என் நேரத்தில் பாதியை எடுத்துக்கொண்ட புலவர் ஐயா அவர்களே, ஒலிபெருக்கியை ஒருவழியாகச் சரிசெய்து தந்த தம்பியே, கோவைப் பெருமக்களே, வணக்கம்.

ஊட்டிப் பூங்காவுக்கு ஒரே நாளில் போய் வருவதைப் பற்றி மூன்று செய்திகள் சொல்ல வந்தேன். எப்போது போவது, எப்படிப் போவது, எதைப் பார்ப்பது. மூன்றுக்கும் ஒரே பழமொழிதான்: பதறாத காரியம் சிதறாது.

முதலில் பூங்கா வந்த கதை. 1847இல் உதகையில் இருந்த ஐரோப்பியர்களுக்குக் காய்கறிதான் கவலை. நியாயமான விலையில் கிடைக்கவில்லை. ஆளுக்கு மாதம் மூன்று ரூபாய் சந்தா போட்டு ஒரு தோட்டம் ஆரம்பித்தார்கள். ஆமாம், இன்று டிக்கெட் எடுத்துப் பூப் பார்க்கிற இடம் முட்டைகோசுக்கும் கேரட்டுக்கும் போட்ட சீட்டுதான்! (சிரிப்பு) அதைப் பொதுப் பூங்காவாக்க வேண்டும் என்று அன்றைய சென்னை ஆளுநர் ட்வீடேல் பிரபு கை கொடுத்தார். 1848இல் லண்டன் கியூ தோட்டத்தில் பயின்ற வில்லியம் கிரகாம் மெக்ஐவர் வந்து சேர்ந்தார். வந்தவர் கண்டது என்ன? மேலே அடர்ந்த காடும் பள்ளத்தாக்கும், கீழே சதுப்பு. வேறு ஆளாக இருந்தால் அடுத்த கப்பலைப் பிடித்திருப்பார். மெக்ஐவர் சரிவைத் திருத்தினார், சதுப்பை வடித்தார், பாதை போட்டார். வடிவம் பிடிக்கப் பத்தாண்டு ஆனது. மலேரியாவுக்கு மருந்து தரும் சின்கோனா மரத்தை நீலகிரியில் வளர்த்ததும் அதே மனிதர்தான். பதறாத காரியம் சிதறாது. இன்றைக்கு 55 ஏக்கர், தொட்டபெட்டாச் சரிவில்.

இனி, எப்போது? மே மாதம் மலர்க்கண்காட்சிக்கே எல்லோரும் முண்டியடிக்கிறோம். 2025இல் நடந்தது 127ஆவது கண்காட்சி. பெருமைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த வாரத்தில் நாம் பார்ப்பது பூவையா, முன்னால் போகிறவர் முதுகையா? செப்டம்பர், அக்டோபரில் இரண்டாவது சீசன் இருக்கிறது. அப்போதும் மலர் மாடங்களில் பூந்தொட்டி அடுக்குகிறார்கள். குடை மட்டும் வேண்டும். மழை பெய்தால் புல்சரிவு வழுக்கும். பனிக்காலத்தில் போகிறவர்களுக்கு வேறொரு காட்சி. உறைபனியில் இலைமேல் படியும் ஐஸ், வெயில் சுள்ளென்று விழுந்ததும் இலையைக் கருக்கிவிடும். அதனால் நாற்றுகளைக் கோத்தகிரி மிலார் என்ற செடியால் மூடிவைப்பார்கள். விடிந்ததும் தெளிப்பானால் தண்ணீர் அடித்துப் பனியைக் கரைப்பார்கள்.

எப்படிப் போவது? இங்கேதான் என் மன்றாட்டு. காரை வீட்டில் விடுங்கள்! வெளியூர் வண்டிகளுக்கு உயர் நீதிமன்றம் இ-பாஸ் என்ற முன்அனுமதிச் சீட்டைக் கொண்டுவந்தது சும்மா இல்லை. 2025 கோடையில் வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வெளியூர் வண்டி என்று வரம்பு கட்டினார்கள். அரசுப் பேருந்துக்கு அந்தத் தொல்லை கிடையாது. சமவெளியில் ஓட்டிப் பழகியவர்கள் இறக்கத்தில் இரண்டாவது கியரைப் போடாமல் பிரேக்கையே மிதித்துக்கொண்டு வருகிறார்கள். லைனிங் சூடேறும், கருகல் வாடை வரும், அப்புறம் மிதித்தாலும் பிடிக்காது. ஒரு பேருந்தில் ஐம்பது பேர். அதே ஐம்பது பேர் காரில் போனால் பத்துப் பன்னிரண்டு கார். உதகை சேரிங் கிராஸ் சந்திப்பு நெரிசலுக்கு இதைவிடக் கணக்கு வேண்டுமா?

விடியற்காலை ஐந்து மணிக்குக் கோவையில் பேருந்து ஏறுங்கள். வாந்தி வருகிறவர்கள் பின்சீட்டில் உட்காராதீர்கள். எட்டரை ஒன்பதுக்கு உதகை. பூங்காவைக் காலை ஏழுக்கே திறந்துவிடுகிறார்கள். தண்ணீரை எவர்சில்வர் பாட்டிலில் கொண்டுபோங்கள்; பிளாஸ்டிக் பாட்டில் மலையில் தடை. கால் புதிதாக இருக்கும்போதே மேலே ஏறி, தோதவர் பழங்குடியினரின் குடியிருப்பான மந்து வரை போய்விட்டு, இறங்கி வரும்போது மற்றதைப் பாருங்கள். கீழேயே சுற்றிக் களைத்தவர்கள் மேலே போவதே இல்லை.

திரும்ப மலை ரயில். மதியம் இரண்டு மணிக்குப் புறப்பட்டு மேட்டுப்பாளையத்துக்கு ஐந்தரைக்கு மேல் வந்துவிடும். போகும்போதும் ரயில் என்றால் ஏறவே ஐந்து மணி நேரம், நண்பகலில்தான் இறங்குவீர்கள். பூங்காவுக்கு இரண்டு மணிநேரம் மிஞ்சாது. டிக்கெட்டை 60 நாளுக்கு முன்பே எடுத்துவையுங்கள். முதல் நாள் போய் நின்றால் கிடைக்காது. பதறாத காரியம் சிதறாது!

எதைப் பார்ப்பது என்ற மூன்றாவது செய்திக்கு வருகிறேன். பூங்கா நடுவில் கல்லாகிப்போன ஒரு மரம் கிடக்கிறது, வயது இரண்டு கோடி ஆண்டு. போர்க் கைதிகளாக இருந்த இத்தாலியர் அமைத்த இத்தாலியன் தோட்டமும்... அவைத்தலைவர் கைக்கடிகாரத்தைக் காட்டுகிறார். அவருக்குக் கீழ்ப்படிகிறேன். பேருந்துக் குழுவில் சேர விரும்புகிறவர்கள் வாசலில் இருக்கும் நோட்டில் பெயர் எழுதிவிட்டுப் போங்கள். ஐம்பது பெயர் சேர்ந்தால் செப்டம்பரில் ஒரு பேருந்து. நன்றி, வணக்கம்.