பாஸ்வேர்டே கேட்காமல் லினக்ஸ் நின்றுவிட்டதா? தயவுசெய்து ஃபார்மேட் பண்ணிவிடாதீர்கள்!

[திரையில்: கறுப்புப் பின்னணி, ஒற்றை வரி, கர்சர் சிமிட்டுகிறது]

வணக்கம் மக்களே. இந்த வரியைப் பாருங்கள். 'என்கிரிப்ட் ஆன டிஸ்க் எஸ்டிஏ3 வரட்டும் என்று காத்திருக்கிறேன்' என்கிறது சிஸ்டம். எஸ்டிஏ என்பது டிஸ்க்குக்கு லினக்ஸ் வைக்கும் பெயர், 3 என்பது அதில் மூன்றாவது பார்ட்டிஷன், அதாவது பகுதி. நேற்று வரை பூட் ஆகும்போது ஒழுங்காக பாஸ்வேர்ட் கேட்ட மெஷின், இன்று அதைக்கூடக் கேட்கவில்லை. நீங்கள் செய்ததெல்லாம் என்ன? தை மாத முகூர்த்த வீடியோக்களுக்கு இடம் போதவில்லை என்று உள்ளே இன்னொரு டிஸ்க் மாட்டினீர்கள், அவ்வளவுதான். கும்பகோணம், மன்னார்குடிப் பக்கம் ஸ்டுடியோ வைத்திருக்கும் அண்ணன்மார்களுக்காகத்தான் இந்த வீடியோ. சர்வீஸுக்குக் கொண்டுபோனால் 'டிஸ்க் போச்சுண்ணே, ஃபார்மேட் பண்ணிடலாம்' என்று யாராவது சொல்வார்கள். கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன், விடாதீர்கள். டிஸ்க் கல்லு மாதிரி இருக்கிறது, அதன் பெயர் மட்டும் எஸ்டிபி ஆகிவிட்டது.

பின்னணி ஒரே வரியில்: லினக்ஸில் டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் முறைக்கு லக்ஸ் என்று பெயர், எந்தப் பார்ட்டிஷனைத் திறக்க வேண்டும் என்பது கிரிப்ட்டேப் என்ற ஃபைலில் இருக்கும். போதும்.

சரி, பெயர் ஏன் மாறுகிறது? நெல் விற்ற வீட்டுக்காரர்களுக்கு இது சட்டென்று புரியும். அறுவடை நேரத்தில் நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்குப் போனால் வந்த வரிசைக்கு டோக்கன் என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்று நீங்கள் முதலில் போய் நின்றால் 1. நாளைக்கு அம்மாப்பேட்டைக்காரர் ஒருவர் விடிவதற்குள் டிராக்டரோடு வந்து நின்றுவிட்டால் 1 அவருக்கு, நீங்கள் 2. நெல்லும் அதே நெல், ஆளும் அதே ஆள், நம்பர் மட்டும் வேறு. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலும் இதைத்தான் செய்கிறது: யார் முதலில் 'உள்ளேன் ஐயா' சொல்கிறார்களோ அவர் எஸ்டிஏ, அடுத்தவர் எஸ்டிபி. ஒரே நேரத்தில் பல டிஸ்க்குகளைத் தட்டி எழுப்புவதால், புதிதாக எதுவும் மாட்டாமலே வரிசை மாறலாம், மறந்துபோய்ச் செருகிவிட்ட பென் டிரைவ்கூட முந்திக்கொள்ளலாம். என்விஎம்இ என்ற வேகமான டிஸ்க் வகை வைத்திருப்பவர்கள் சிரிக்க வேண்டாம், அங்கேயும் 0, 1 இடம் மாறும்.

ஆனால் சிட்டா அடங்கலில் இருக்கிறதே சர்வே நம்பர், வரிசையில் யார் முந்தினாலும் அது மாறுமா? டிஸ்க்கில் அந்த வேலையைச் செய்வதுதான் யூயூஐடி என்ற தனி அடையாள எண். 128 பிட், கோடுகளோடு சேர்த்து எழுதினால் 36 எழுத்து. லக்ஸ் தன் தலைப்பகுதியிலேயே இதை எழுதி வைத்திருப்பதால், டிஸ்க்கை வேறு போர்ட்டில் மாட்டினாலும் வேறு கம்ப்யூட்டருக்கே கொண்டுபோனாலும் கூடவே வரும். டோக்கன் நம்பரை நம்பி யாராவது வயலை எழுதிக் கொடுப்பார்களா? கிரிப்ட்டேபில் எஸ்டிஏ3 என்று எழுதுவதும் அப்படித்தான்.

[திரையில்: இனிட்ராம்எஃப்எஸ் ப்ராம்ப்ட்]

இப்போதைக்கு மெஷின் எழ வேண்டுமே! டெபியன், உபுண்டு வகையறா கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு இனிட்ராம்எஃப்எஸ், அதாவது டிஸ்க் திறக்கும் முன் ஓடும் தற்காலிகக் குட்டி சிஸ்டத்தின் இந்த ப்ராம்ப்ட்டில் கொண்டுவந்து விடும். இங்கே பிஎல்கேஐடி என்று அடியுங்கள், பார்ட்டிஷன்களின் பட்டியல் வரும். 'கிரிப்டோ லக்ஸ்' என்று வகை காட்டுகிற பார்ட்டிஷன்தான் நம்முடையது, எஸ்டிபி3 என்று வைத்துக்கொள்வோம். அடுத்து 'கிரிப்ட்செட்டப் ஓபன்', அதன் பின்னால் இப்போதைய பெயர், அதன் பின்னால், திறந்த பெட்டிக்கென்று கிரிப்ட்டேபின் முதல் பத்தியில் எழுதியிருந்த அதே பெயர். பாஸ்வேர்ட் கேட்கும். கொடுத்துவிட்டு எக்ஸிட். உள்ளே எல்விஎம், அதாவது இடத்தைப் பல பகுதியாகப் பிரித்துக் கொடுக்கும் ஏற்பாடு, இருந்தால் எக்ஸிட்டுக்கு முன்னால் 'எல்விஎம் விஜிசேஞ்ச் ஹைஃபன் ஏஒய்'. பூட் தொடரும்.

உள்ளே போனதும் கிரிப்ட்டேபைத் திறந்து, எஸ்டிஏ3 இருந்த இடத்தில் யூயூஐடி சமக்குறி போட்டு நம்பரை எழுதுங்கள். இங்கேதான் பாதிப் பேர் சறுக்குகிறார்கள், ஏனென்றால் பிஎல்கேஐடி பட்டியலில் யூயூஐடி இரண்டு தெரியும்: வெளியே லக்ஸ் பெட்டிக்கு ஒன்று, உள்ளே ஃபைல் சிஸ்டத்துக்கு ஒன்று. கிரிப்ட்டேபுக்கு வெளியே உள்ளதுதான் வேண்டும். உள்ளே உள்ளது திறக்கும் வரை வெறும் குப்பை எழுத்து, கெர்னலுக்கு எப்படித் தெரியும்? கிரிப்ட்டேபின் நகல் அந்தக் குட்டி சிஸ்டத்துக்குள்ளும் இருக்கிறது, அதனால் மாற்றிய பிறகு 'அப்டேட் இனிட்ராம்எஃப்எஸ்' ஓட்ட மறந்தால் நாளைக் காலையில் மறுபடி அதே கறுப்புத் திரை. ஃபெடோரா என்றால் டிராகட், ஆர்ச் என்றால் எம்கேஇனிட்சிபிஐஓ. அந்த இரண்டிலும் பூட்லோடர், அதாவது கெர்னலைக் கிளப்பிவிடும் புரோகிராம், அதன் வரியையும் ஒருமுறை பாருங்கள்.

எனக்குப் பிடித்த வேடிக்கை ஒன்று. டெபியன் இன்ஸ்டாலர் திறந்த பெட்டிக்கு 'எஸ்டிஏ3 கிரிப்ட்' என்று தானே பெயர் வைத்துவிடும். டிஸ்க் எஸ்டிபி ஆன பிறகும் அது எஸ்டிஏ3 கிரிப்ட்தான்! அது வெறும் லேபிள். சுத்தமாக இருக்கட்டும் என்று அதை மாற்றினால், எதை எங்கே மவுண்ட் செய்ய வேண்டும் என்று சொல்லும் எஃப்எஸ்டேப் ஃபைலில் பழைய பெயர் உட்கார்ந்திருக்கும், நாமாகப் போய் வம்பை விலைக்கு வாங்கிய கதை. கை வைக்காதீர்கள்.

இப்போது நிஜமாகவே பயப்பட வேண்டிய இடம்: ஸ்வாப், அதாவது மெமரி போதாதபோது டிஸ்க்கில் எடுத்துக்கொள்ளும் இடம். சிலர் ஸ்வாப்பை ஒவ்வொரு பூட்டிலும் புதுச் சாவியோடு என்கிரிப்ட் ஆகும்படி வைத்திருப்பார்கள், யூராண்டம் என்று எழுதியிருக்குமே, அந்த வரி. ஒவ்வொரு முறையும் அந்தப் பார்ட்டிஷன் அழிந்து புதிதாக எழுதப்படும், கிரிப்ட்டேபின் உதவிப் பக்கமே இதை எச்சரிக்கிறது. அங்கே எஸ்டிஏ2 என்று இருந்து, இன்று எஸ்டிஏ2 என்பது உங்கள் கல்யாண ஆல்பம் இருக்கும் டிஸ்க் ஆகிவிட்டால்? பொண்ணு மாப்பிள்ளைக்கு என்ன பதில் சொல்வீர்கள்! இதற்கு யூயூஐடியும் உதவாது, அழிக்கும்போது அதுவும் போய்விடும். பார்ட்டிஷன் டேபிளில் இருப்பதால் அழியாத பார்ட்யூயூஐடி போடுங்கள், அல்லது பைஐடி ஃபோல்டரில் கம்பெனி பெயர், சீரியல் நம்பரோடு இருக்கும் நீளப் பெயரைப் போடுங்கள். வீடியோவை நிறுத்திவிட்டு இப்போதே அந்த வரியைப் பார்த்துவிட்டு வாருங்கள், நான் இங்கேயே இருக்கிறேன்.

வந்தாச்சா? அப்புறம், டிடி கட்டளையால் டிஸ்க்கை க்ளோன் எடுப்பவர்கள் கவனிக்கவும்: யூயூஐடியும் அச்சு அசலாக நகலாகும். இரண்டையும் மாட்டி பூட் செய்தால் எதைத் திறக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது, ஒன்றைக் கழற்றி வைத்துவிடுங்கள். சந்தேகம் இருந்தால் உங்கள் கிரிப்ட்டேப் வரியைக் கமெண்டில் போடுங்கள். பாஸ்வேர்டைப் போட்டுவிடாதீர்கள், சாமி!