ஒரு பாக்கெட்டுக்கு ஒரு லிட்டர்

நேயர்களுக்கு வணக்கம். குழந்தைகள் வார்டில் 30 வருடம் நர்ஸாக வேலை பார்த்தவள் நான். வயிற்றுப்போக்கு, காய்ச்சல், சளி மூன்றையும் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். வயிற்றுப்போக்கில் தொடங்குகிறேன்.

பேதியாகும் குழந்தைக்கு முதல் மருந்து தண்ணீர். அதுவும் உப்பும் சர்க்கரையும் அளவோடு சேர்ந்த தண்ணீர், அதாவது ஓ.ஆர்.எஸ். குடலுக்குள் சர்க்கரை போகும்போது உப்பையும் கையோடு கூட்டிப்போகும். உப்பு போனால் தண்ணீர் பின்னாலேயே போகும். எல்லாம் அந்த அளவில்தான் இருக்கிறது.

ஒரு சித்திரை மாத இரவு. ஒன்றரை வயதுப் பெண் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு அம்மா வந்தார். "ரெண்டு நாளா ஓ.ஆர்.எஸ். விடாம குடுக்கறேன் சிஸ்டர், இன்னும் தண்ணி தண்ணின்னு கத்துறா" என்றார். எப்படிக் கலந்தீர்கள் என்று கேட்டேன். கூடையில் இருந்து ஒரு எவர்சில்வர் டம்ளரை எடுத்துக் காட்டினார். பெரிய பாக்கெட்டை அப்படியே அந்த ஒரு டம்ளரில் கரைத்திருக்கிறார். "குடிக்கிறது நாலு வாய். ஒரு லிட்டர் கலந்து எதுக்குக் கொட்டணும்?"

மாங்காயில் உப்புப் போட்டு வைத்தால் தண்ணீர் விடும், பார்த்திருப்பீர்கள். உப்பு மிஞ்சினால் குழந்தையின் உடம்பும் அப்படித்தான், இருக்கிற நீரையும் விட்டுவிடும். அந்தக் குழந்தைக்கு உப்பை மெதுவாகத்தான் இறக்க முடிந்தது. நாலாம் நாள் எழுந்து உட்கார்ந்து என் அடையாள அட்டைக் கயிற்றைப் பிடித்து இழுத்தாள். அந்த அம்மா மேல் ஒரு தப்பும் இல்லை. கடையில் பாக்கெட்டைக் கொடுத்தார்கள், அளவைச் சொல்லவில்லை.

அதனால் திரும்பவும் சொல்கிறேன். பெரிய பாக்கெட் என்றால் முழுவதையும் கொட்டுங்கள், தண்ணீர் ஒரு லிட்டர். சின்ன பாக்கெட் 200 மில்லிக்கு. உறையிலேயே போட்டிருக்கும், படித்துவிட்டுக் கலக்குங்கள். காய்ச்சி ஆறிய தண்ணீராக இருக்கட்டும். 24 மணி நேரத்துக்கு மேல் மிஞ்சினால் கொட்டிவிடுங்கள், கொட்டுவதில் பாவம் இல்லை. ஒரேயடியாக ஊற்றாமல் ஸ்பூனிலோ பாலாடையிலோ கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு, இன்னும் மெதுவாகக் கொடுங்கள்.

இதன் அருமை தெரிய 1971-க்குப் போக வேண்டும். வங்கதேசப் போரில் அகதிகள் மேற்கு வங்க எல்லையில் இருக்கும் போங்காவுக்கு வந்து குவிந்தார்கள், காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் சலைன் போதவில்லை. டாக்டர் திலீப் மஹலானபிஸ் உப்பு, சர்க்கரை, சமையல் சோடா கலந்த நீரை டிரம்களில் நிரப்பி வைத்தார். அம்மாவும் அக்காவும் பாட்டியும் பிடித்துக் கொடுத்தார்கள். நூற்றுக்கு 30 வரை இருந்த சாவு 4-க்கும் கீழே வந்தது. கொடுத்தது வீட்டு மனிதர்கள்! இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் உடம்பு சிலிர்க்கும்.

சரி, நீர் வற்றிவிட்டதை எப்படிக் கண்டுபிடிப்பது? கண் குழி விழும். அழுதால் கண்ணீர் வராது. சிறுநீர் குறையும். கைக்குழந்தைக்கு உச்சிக்குழி உள்வாங்கும். வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் மடிப்பு அப்படியே நின்று, மெதுவாகத்தான் இறங்கும். குழந்தை துவண்டு போனாலோ, குடிக்க முடியாமல் போனாலோ, குடித்ததை எல்லாம் வாந்தி எடுத்தாலோ, மலத்தில் ரத்தம் வந்தாலோ விடியும்வரை காத்திருக்காதீர்கள். "பல் முளைக்குது, அதான் போகுது" என்று பாட்டி சொன்னாலும் கிளம்புங்கள். வயிற்றைக் காயப்போடவும் வேண்டாம். தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள், குழைந்த சாதம் கொடுங்கள். டாக்டர் துத்தநாக மாத்திரை எழுதினால் பேதி நின்ற பிறகும் 14 நாள் முடியும்வரை கொடுங்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள், இரண்டு நிமிடம்தான் இருக்கிறது. காய்ச்சல் பிள்ளையைக் கம்பளியில் சுற்றாதீர்கள். ஆஸ்பிரின் கூடவே கூடாது. பாரசிட்டமால் அளவு வயதைப் பார்த்து இல்லை, எடையைப் பார்த்து.

அப்புறம் சளி. குழந்தை அழாமல் இருக்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு, வயிறு ஏறி இறங்குவதைக் கடிகாரம் பார்த்து ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்குவது வேண்டாம், குழந்தையின் மூச்சு சீராக ஓடாது. இரண்டு மாதத்துக்குள் 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40. அந்த எண்ணிக்கையைத் தொட்டாலே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மூச்சை இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தால் எண்ணிக்கொண்டு நிற்கவே வேண்டாம், குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். வணக்கம்.