ஒன்பது ப்ளவுஸ், ரெண்டு பட்டுப்பாவாடை: கல்யாணத் துணியோட டெய்லர்கிட்ட போறதுக்கு முன்னாடி

[காட்சி: தையல் கடை மேஜை. பிரிக்காத பட்டுப் புடவை, அதன் மேல் இஞ்ச் டேப்.]

"அக்கா, அடுத்த மாசம் 17-ஆம் தேதி முகூர்த்தம். ஒன்பது ப்ளவுஸ், ரெண்டு பட்டுப்பாவாடை. தச்சுக் குடுத்துருவீங்கள்ல?"

கல்யாண வீட்டுக்காரங்க கடைக்குள்ள வந்ததும் கேக்குறது இதுதான். முகூர்த்தத் தேதி எல்லாருக்கும் மனப்பாடம். துணியில நான் சாக்பீஸ் வெச்சுக் கோடு போடுற தேதியை மட்டும் யாரும் கேக்குறதில்ல. எனக்குப் பயம் அந்தத் தேதிமேலதான்.

நான் மதுரைக்காரி. எங்கப்பா மீனாட்சி கோயிலுக்கு எதிர்ல புது மண்டபத்துல மிஷின் போட்டிருந்தாரு. திருமலை நாயக்கர் கட்டின மண்டபம். சிலைத் தூணுக்கு நடுவுல வரிசையா தையல் மிஷின் ஓடும். இப்ப அந்தக் கடைங்க குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிருச்சு. அப்பா கத்திரியைக் கையில எடுக்குற வரைக்கும் கஸ்டமர் என்ன சொன்னாலும் மறுபேச்சு இல்லாமக் கேப்பாரு. எடுத்துட்டா காதே கேக்காது அவருக்கு.

[காட்சி: மரச் சட்டத்தில் இழுத்துக் கட்டிய பட்டுத் துணி. ஆரி ஊசி உள்ளே போய் வருவது, மிக அருகில்.]

இதைப் பாருங்க. ஆரி வேலைன்னா மணியும் ஜரிகையும் வெச்சுக் கையால போடுற பூவேலை. அதைத் தச்சு முடிச்ச ப்ளவுஸ்ல போடுறதில்ல. வெட்டாத துணியில கழுத்து, முதுகு, கை எல்லாத்தையும் வரைஞ்சு, சட்டத்துல இழுத்துக் கட்டி, இந்தக் கொக்கி ஊசியால போடுவாங்க. அதுக்கப்புறம்தான் வெட்டு, தையல். கனமான வேலைன்னா ரெண்டு மூணு வாரம் சட்டத்துலயே கிடக்கும். அது முடிஞ்சு வந்தப்புறம் "கழுத்து இன்னும் அரை இஞ்ச் இறங்கினா நல்லாருக்கும்"னு சொன்னா, நான் மணியையும் ஜரிகையையும் சேர்த்துதான் வெட்டணும்.

அதனால கோடு போடுற அன்னைக்குப் பொண்ணு நேர்ல வரணும். அளவு ப்ளவுஸை மட்டும் தம்பிகிட்ட குடுத்து அனுப்பாதீங்க. பழைய ப்ளவுஸ் உடம்புக்கேத்த மாதிரி தளர்ந்திருக்கும், இல்லேன்னா ரெண்டு தடவை பிரிச்சுத் தச்சிருக்கும். எனக்கு அது ஒரு துணைக்குத்தான், அளவை உடம்புலதான் எடுப்பேன். முகூர்த்தத்துக்குப் போடப்போற உள்ளாடையையே போட்டுட்டு வாங்க. அது மாறினா மார்பளவும் மாறும், டார்ட், அதான் மார்புக்கு வடிவம் வரப் பிடிச்சுத் தைக்கிற மடிப்பு, நிக்கிற இடமும் மாறும்.

கல்யாணத்துக்குள்ள பொண்ணு இளைக்கலாம், பெருக்கலாம். இளைச்சா பிடிச்சுத் தச்சுடலாம். பெருத்தா உள்ள துணி இருந்தாத்தான் பிரிக்க முடியும். பக்கவாட்டுல ஒரு இஞ்சாவது உள்ள விடச் சொல்லிக் கேட்டு வாங்குங்க. ஆனா பட்டுல ஒரு சங்கடம் இருக்கு: தையலைப் பிரிச்சா ஊசி போன தடம் அப்படியே தெரியும். முகூர்த்த ப்ளவுஸுக்கு மட்டும் முதல்ல லைனிங் துணியில ஒண்ணு தச்சுப் போட்டுப் பாக்குறது நல்லது. காட்டன் லைனிங்கைத் தண்ணியில நனைச்சுக் காயவெச்சு வெட்டுனாங்களான்னும் கேளுங்க. சுருங்குற லைனிங் மேல்துணியையும் சேர்த்து இழுத்துரும்.

[காட்சி: கண்ணாடி முன் மணப்பெண். மாலை போடுவதுபோல் இரண்டு கையையும் தூக்குகிறாள்.]

ட்ரையல் பாக்கும்போது கண்ணாடி முன்னாடி சும்மா நிக்காதீங்க. மாலை மாத்துற மாதிரி கையைத் தூக்குங்க. சம்மணம் போட்டு உக்காருங்க. விழுந்து கும்புடுங்க. கையைத் தூக்குனா ப்ளவுஸ் மொத்தமும் மேல ஏறுதா? "கைக்குழி டைட்டா இருக்கு, பெருசாக்குங்க"ன்னு எல்லாரும் சொல்லுவாங்க. பெரும்பாலும் தலைகீழா இருக்கும். கைக்குழி கீழ இறங்கிப்போயிருந்தாத்தான் கையோட சேர்ந்து ப்ளவுஸும் ஏறும். அக்குளை ஒட்டி வெட்டுனா கை தனியா போகும், ப்ளவுஸ் இடத்துலயே நிக்கும்.

முதுகைப் பத்தி ஒண்ணு சொல்லிக்கிறேன், என் வருமானத்துக்கே வேட்டு. முதுகு முழுக்க ஆரி வேலை, பெரிய குஞ்சம்னு ஆயிரக்கணக்குல செலவு பண்ணுவாங்க. முகூர்த்தத்துல இடுப்பு வரைக்கும் சவுரி வெச்சுப் பின்னி, அதுமேல பூச்சடை. வேலையெல்லாம் சடைக்குள்ள! காசைக் கையில போடுங்கம்மா, தாலி கட்டுற போட்டோவுல தெரியுறது கைதான். முதுகு வேலை ரிசப்ஷன் ப்ளவுஸுக்கு இருக்கட்டும்.

[காட்சி: ஒரே பச்சையில் ஐந்து தாவணி. ஒன்று மட்டும் வெளிறி.]

அடுத்து தங்கச்சிங்க, அத்தை பொண்ணுங்க. எல்லாருக்கும் ஒரே கலர் தாவணி வேணும்பாங்க. ஒரு வீட்டுக்கு விளக்குத்தூண் பக்கம் நானே போய் நாலு பேருக்குத் துணி எடுத்தேன். ரெண்டு வாரம் கழிச்சு அஞ்சாவதா ஒரு பொண்ணு சேந்துக்கிச்சு. அதே கடை, அதே பச்சை, ஆனா துணி வேற தான்ல இருந்து, அதாவது வேற சுருள்ல இருந்து வந்தது. கடை வெளிச்சத்துல வித்தியாசமே தெரியல. மண்டப லைட்டுல அந்தப் பொண்ணு மட்டும் துவைச்சுக் கட்டுன மாதிரி நின்னுச்சு. இப்பல்லாம் தலையை எண்ணி முடிக்காம துணி எடுக்க மாட்டேன். ப்ளவுஸுக்குச் சின்னக் கைன்னா 80 சென்டிமீட்டர், முழங்கை வரைக்கும்னா ஒரு மீட்டர், அதுக்கு மேல மொத்தமா அரை மீட்டர் கூடுதலா, எல்லாம் ஒரே தான்ல.

கலர் ஒண்ணா இருந்தா போதும், கழுத்தும் கையும் அவங்கவங்க இஷ்டம். ஒல்லியான பொண்ணுக்கு எடுப்பா இருக்குற போட் நெக் எல்லாருக்கும் எடுப்பா இருக்காது. குட்டிப் பிள்ளைங்க பாவாடைக்கு அடியில ரெண்டு மடிப்பு வெச்சுத் தைக்கச் சொல்லுங்க, அடுத்த வருஷம் பிரிச்சு இறக்கிக்கலாம்.

எப்ப வரணும்? ஆவணியில கல்யாணம்னா ஆடியில வாங்க. ஆடியில முகூர்த்தம் இல்லாததால கைக்கு வேலை கம்மி, நின்னு பேச நேரம் இருக்கும். ஐப்பசிக் கல்யாணம் தீபாவளித் துணியோட மோதும், ரெண்டு மாசம் முன்னாடியே வந்துருங்க. தேதியை மட்டும் உண்மையாச் சொல்லுங்க. நீங்க ஒரு வாரம் முன்னாடி தள்ளிச் சொல்லுவீங்க, அது தெரிஞ்சு நாங்க ஒரு வாரம் பின்னாடி தள்ளுவோம். கடைசியில முகூர்த்தத்துக்கு முந்தின நாள் ராத்திரி ஹூக்கு தச்சுக்கிட்டு இருப்போம்.

[காட்சி: சின்னத் துணிப்பை. உள்ளே நூல்கண்டு, ஹூக்கு, ஊக்கு, மிச்சத் துணி.]

துணி வாங்க வரும்போது மிச்சத் துண்டையும் தச்ச நூலையும் கேட்டு வாங்கிக்கோங்க. நாலு ஹூக்கு, ஒரு ஊசி, ஒரு அட்டை ஊக்கு சேர்த்து ஒரு பையில போட்டு, கண்ணு நல்லாத் தெரியுற சித்தி யாராவதுகிட்ட குடுத்து வைங்க. அவங்க மணமேடைக்குப் பக்கத்துல உக்காரட்டும், சாப்பாட்டுப் பந்திப் பக்கம் விட்டுறாதீங்க.