‘தூய தூய தூயா’ திருச்சியில் பிறந்த பாட்டா?

அடுத்த கேள்வி திருச்சி நேயர் ஒருவருடையது. ‘சபைகளில் பாடும் பாமாலை என்ற பாட்டுப் புத்தகத்தில் உள்ள “தூய தூய தூயா” பாட்டை எழுதியவர் எங்கள் ஊர் பிஷப் ஹீபர்தானாமே, அதை இங்கே வைத்துத்தான் எழுதினாரா?’ என்று கேட்கிறார்.

ஆள் சரி, ஊர்தான் தவறு. கல்கத்தா பிஷப்பாக இருந்த ரெஜினால்ட் ஹீபர் திருச்சியில் இருந்தது மூன்றே நாள்கள். 1826 ஏப்ரல் 1 அன்று வந்தார். 3ஆம் தேதி காலை கோட்டைக் கோயில் என்ற கிறிஸ்தவ ஆலயத்தில் தமிழ்ச் சபையார் சிலருக்குத் திடப்படுத்தல் (ஞானஸ்நானம் பெற்றவர்களை விசுவாசத்தில் உறுதிப்படுத்தும் சடங்கு) கொடுத்துவிட்டுத் திரும்பியவர், குளிர்ந்த நீர்த் தொட்டியில் இறங்கினார். அங்கேயே உயிர் போய்விட்டது. வயது 42. இதில் பாட்டு எழுத நேரம் ஏது?

பாட்டு எழுதிய காலத்தில் அவர் இங்கிலாந்தில், ஷ்ராப்ஷயரின் ஹாட்னெட் என்ற கிராமத்துக் குருவானவர். அன்றைய ஆங்கிலிக்கன் (இங்கிலாந்துத் திருச்சபை) கோயில்களில், செய்யுளாக்கிய பைபிள் சங்கீதங்களைத்தான் பாடுவார்கள். புதுப் பாட்டு என்றாலே முகம் சுளித்த காலம். ஆனால் மெத்தடிஸ்டுகள், பாப்டிஸ்டுகள் போன்ற மற்ற சபையார் பாட்டாலேயே ஜனங்களை இழுத்துக்கொண்டிருந்தார்கள். ஹீபர் அதைக் கவனித்தார். ஒவ்வொரு ஞாயிறும் வாசிக்கும் வேதபாகத்துக்குப் பொருந்தும்படி, ஆண்டு முழுவதற்கும் ஒரு பாட்டுப் புத்தகம் தொகுக்கத் தொடங்கினார். தாமே எழுதினார், மில்மன் போன்ற கவிஞர்களிடமும் கேட்டு வாங்கினார். நீங்கள் கேட்ட பாட்டு, பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மூவரும் ஒரே கடவுள் என்பதைக் கொண்டாடும் திரித்துவ ஞாயிற்றுக்கானது. திரியேகர் அதில் வருவது அதனால்தான்.

எல்லாப் பாட்டையும் நான் மெச்ச மாட்டேன். 1819இல் மிஷனரி காணிக்கைக்காக எழுதிய ஒன்றில், இலங்கையின் அழகைப் புகழ்ந்துவிட்டு அங்குள்ள மனிதரை மட்டும் இழிவாகச் சொல்லியிருப்பார். அப்போது அவர் இலங்கையைக் கண்டதுகூட இல்லை, போனது 1825இல்தான். காந்திக்கும் அந்த வரி பிடிக்கவில்லை.

தொகுப்புக்குத் திருச்சபையின் அங்கீகாரம் கேட்டார், கிடைக்கவில்லை. 1823இல் கல்கத்தா அத்தியட்சராக, அதாவது பிஷப்பாக, புறப்பட்டார். புத்தகம் 1827இல், அவர் இறந்த மறு வருடம், மனைவி அமீலியாவின் முயற்சியால் வெளிவந்தது. ‘தூய தூய தூயா’வை நாம் இன்று பாடும் ராகமும் அவர் கேட்டதல்ல. டைக்ஸ் என்பவர் அதற்கு மெட்டமைத்து வெளியிட்டது 1861இல். அதற்குள் ஹீபரைத் திருச்சி தூய யோவான் ஆலயத்தில் அடக்கம் செய்து 35 ஆண்டுகள் ஆகியிருந்தன. கல்லறை இப்போதும் அங்கேதான் இருக்கிறது. உங்களுக்குப் பக்கம்தானே, ஒருநாள் போய்ப் பாருங்கள்.