மாட்டுப் பொங்கலுக்குச் சோறு கொண்டு வராதீர்கள், காலை ஆறு மணிக்கு வாருங்கள்

வணக்கம் மக்களே. மாட்டுப் பொங்கலுக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கிறது, அதற்குள் இதைச் சொல்லிவிட வேண்டும் என்று காப்பகத்திலேயே நின்றுகொண்டு எடுக்கிறேன். பின்னால் தீவனத் தட்டை வெட்டும் மிஷின் ஓடுகிறது, சத்தம் கேட்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

செங்கல்பட்டுப் பக்கம் இருக்கிற இடம் இது. கசாப்புக்குப் போகிற வழியில் லாரியில் பிடிபட்ட மாடுகள், வேலை முடிந்ததும் துரத்திவிடப்பட்ட கழுதைகள், ஆடுகள், கொஞ்சம் கோழிகள். பேரும் வழியும் சொல்லமாட்டேன், இங்கே இருப்பவர்களே கேட்டுக்கொண்டது. முகவரி வெளியே தெரிந்தால் இரவோடு இரவாகக் கேட்டில் ஒரு கன்றுக்குட்டியைக் கட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். ஏற்கெனவே கொட்டகை நிறைந்து கிடக்கிறது, வைக்கோல் கட்டு விலையும் உங்களுக்குத் தெரியும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பொங்கல் வந்தால், அமாவாசை வந்தால், யாருக்காவது பிறந்தநாள் என்றால், இங்கே இருக்கிற மாடுகளுக்கு நிறைய பேர் சாப்பாடு கொண்டு வருகிறார்கள். அண்டா அண்டாவாகச் சர்க்கரைப் பொங்கல், கல்யாண வீட்டில் மிஞ்சிய சோறு, தார் தாராக வாழைப்பழம். நல்ல மனசோடுதான் கொண்டு வருகிறார்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்தச் சோறு மாட்டைக் கொன்றுவிடும். மாட்டு வயிற்றில் நான்கு அறை இருக்கிறது, முதல் அறைதான் பெரியது, அதற்குள் இருக்கிற நுண்ணுயிர்கள் புல்லையும் வைக்கோலையும் மெதுவாகப் புளிக்க வைத்துத்தான் மாட்டுக்குச் சத்து கிடைக்கிறது. அங்கே திடீரென்று ஒரு அன்னக்கூடைச் சோறு போய் விழுந்தால் படுவேகமாகப் புளித்து லாக்டிக் அமிலம் பெருகும், நல்ல நுண்ணுயிர்கள் செத்துப்போகும், மாடு அசை போடுவதை நிறுத்தும், உடம்பில் இருக்கிற தண்ணீரெல்லாம் வயிற்றுக்குள் இழுக்கப்பட்டு கண் உள்ளே போய்விடும். டாக்டர் வந்து சோடா உப்பு, குளுக்கோஸ் பாட்டில் என்று போராடியும் ஒன்றிரண்டு நாளில் போய்விடுகிற மாடுகள் உண்டு. பிழைத்தாலும் குளம்புக்குள் வீக்கம் வந்து நொண்டும். ஒவ்வொரு பொங்கலுக்கும் கால்நடை டாக்டர்கள் இதைச் சொல்லிக்கொண்டேதான் இருக்கிறார்கள், ஆனால் பொங்கல் முடிந்த மறுநாள் அவர்களிடம் வருகிற மாடுகள் குறைவதில்லை. ஒரு கைப்பிடி பொங்கல் வாயில் வைத்தால் ஒன்றும் ஆகாது. வருகிற ஒவ்வொருவரும் ஒரு கைப்பிடி வைக்கும்போதுதான் அது அண்டாவாகிறது.

அதோடு அந்தச் சோறு பாதி நேரம் பிளாஸ்டிக் பையில் முடிச்சுப் போட்டு வருகிறது. மாடு பையைப் பிரித்துச் சாப்பிடாது, வாசனை வந்தால் பையோடு விழுங்கிவிடும். உள்ளே போன பிளாஸ்டிக் செரிக்கவும் செய்யாது, சாணியில் வெளியே வரவும் செய்யாது. 2019இல் சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் ஒரு பசுவின் வயிற்றைத் திறந்து 52 கிலோ பிளாஸ்டிக் எடுத்தார்கள். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறிகிற பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் தடை வந்ததும் அதே 2019 ஜனவரி 1இல்தான். தடை இருக்கிறது, பையும் தெருவில் இருக்கிறது. பையோடு சேர்ந்து உள்ளே போகிற கம்பி, ஆணி இன்னும் மோசம். அது இரண்டாவது அறையில் போய்த் தங்கி, அங்கிருந்து குத்திக்கொண்டு இதயம் வரைக்கும் போகும்.

அப்படியென்றால் என்னதான் செய்யலாம் என்று கேட்பீர்கள். காலை ஆறு மணிக்கு வாருங்கள், இந்த இடம் தெரியாதவர்கள் உங்கள் ஊர்க் காப்பகத்துக்குப் போங்கள். முதல் வேலை சாணி அள்ளுவது. ஒரு பெரிய மாடு ஒரு நாளைக்குப் பத்து கிலோவுக்குக் குறையாமல் சாணி போடும், அதை அள்ளாமல் விட்டால் கொட்டகையில் ஈ, ஈ வந்தால் புண்ணில் புழு. அப்புறம் தண்ணீர்த் தொட்டியைத் தென்னந்துடைப்பத்தால் பாசி போகத் தேய்த்துக் கழுவி நிரப்ப வேண்டும். வெயில் காலத்தில் ஒரு மாடு 50 லிட்டருக்கு மேல்கூடக் குடிக்கும். தொட்டி பாசி பிடித்துக் கிடந்தால் பாதிதான் குடிக்கும். இதையெல்லாம் செய்ய இங்கே இருக்கிற ஆட்கள் மிகவும் குறைவு. இங்கே நிஜமாகவே பற்றாக்குறை என்றால் அது கைகளுக்குத்தான்.

இதோ இவன் கருப்பன். கொஞ்சம் தள்ளி நின்றே காட்டுகிறேன், பின்பக்கமாக யார் போனாலும் இன்னும் மிரளுவான். கேரளா பக்கம் போன லாரியில் நெருக்கிக் கட்டப்பட்டு நின்றவன். வழியில் படுத்துவிட்ட மாட்டை எழுப்புவதற்கு வாலை முறுக்குவார்கள், எலும்பு உடைகிற வரைக்கும் முறுக்குவார்கள், கண்ணில் மிளகாய்கூடத் தேய்ப்பார்கள். இவன் வாலைப் பாருங்கள், எத்தனை இடத்தில் கோணியிருக்கிறது. 1978ஆம் ஆண்டு விதிப்படி ஒரு லாரியில் ஆறு மாட்டுக்கு மேல் ஏற்றக் கூடாது. நெடுஞ்சாலையில் ராத்திரி போகிற வண்டிகளை நீங்களே பார்த்திருப்பீர்கள். பிடிபட்ட மாடுகளை வழக்கு முடியும்வரை காப்பகத்தில் வைக்க 2017இல் தனி விதியே வந்தது, பராமரிப்புச் செலவை உரிமையாளரிடம் வாங்க வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. ஆனால் வழக்கு நகர்கிற வேகத்துக்கு வயிறு காத்திருக்காது, அன்றைக்கன்றைக்குத் தீவனத்துக்குக் காப்பகம்தான் வழி பார்க்க வேண்டியிருக்கிறது.

இதைக் கேட்டுவிட்டு மாடு வளர்க்கிறவர்களைத் திட்டாதீர்கள், தயவுசெய்து. இரண்டு மாடு வைத்துப் பால் ஊற்றிப் பிழைக்கிற ஒரு அக்காவுக்குப் பால் வற்றிய மாடு தினம் தினம் செலவு. ஜெர்சி கலப்பில் பிறக்கிற காளைக்கன்றுக்கு ஏரும் இல்லை வண்டியும் இல்லை, டிராக்டர் வந்தபிறகு அதற்கு வேலையே கிடையாது. நாம் எல்லோரும் பால் வாங்குகிறோம், அந்தப் பாலுக்காகப் பிறந்த காளைக்கன்று எங்கே போயிற்று என்று யாரும் கேட்பதில்லை. நான் இங்கே வர ஆரம்பித்த பிறகுதான் அதைக் கேட்க ஆரம்பித்தேன், பதில் கொட்டகையிலேயே நின்றுகொண்டிருந்தது.

அந்த மூலையில் மணல் மேல் படுத்திருப்பவள் லட்சுமி. இடுப்பில் அடிபட்டவள், தானாக எழுந்திருக்க முடியாது. இந்த மாதிரி மாட்டை மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபக்கம் புரட்டிப் போட வேண்டும், இல்லையென்றால் அந்த எடைக்கே கீழே இருக்கிற காலின் சதையும் நரம்பும் கெட்டுவிடும், பிறகு அடிபட்ட இடம் ஆறினாலும் நிற்க முடியாது. புரட்ட நான்கு பேர் வேண்டும், ராத்திரி இரண்டு மணிக்கும் வேண்டும். ராத்திரி முறைக்குத்தான் ஆளே கிடைப்பதில்லை. கல்லூரிப் பிள்ளைகள் யாராவது பார்த்துக்கொண்டிருந்தால், பகலில் வந்து செல்ஃபி எடுப்பதைவிட ஒரு சனிக்கிழமை ராத்திரி இங்கே தங்குங்கள். இங்கே இருக்கிற அக்கா சுக்குக் காபி போட்டுத் தருவார்.

கோழிப் பக்கம் வாருங்கள். இந்த வெள்ளைக் கோழி பிராய்லர். ஆறு வாரத்தில் இரண்டு கிலோவைத் தாண்டுகிற மாதிரியே உருவாக்கிய இனம், நெஞ்சு வளர்கிற வேகத்துக்குக் கால் ஈடுகொடுக்காது, அதனால் இங்கே தீவனத்தை அளந்துதான் போடுகிறோம். பாவமாக இருக்கிறதே என்று யாரும் ஒரு கை கூடுதலாகப் போட்டுவிடாதீர்கள். பக்கத்தில் இருப்பவை முட்டைக் கோழிகள், கூண்டிலிருந்து கழித்துவிட்டவை. காட்டுக்கோழி வருஷத்துக்குப் பத்துப் பதினைந்து முட்டை இடும், இவை 300க்குப் பக்கம். ஓடு முழுக்கச் சுண்ணாம்புச் சத்து, அதில் ஒரு பகுதி கோழியின் எலும்பிலிருந்து போகிறது. அதனால் தூக்கும்போது இறக்கையைப் பிடித்துத் தூக்காதீர்கள், இரண்டு கையாலும் உடம்போடு அணைத்துத் தூக்குங்கள், எலும்பு முருங்கைக் குச்சி மாதிரி ஒடிந்துவிடும். அவை போடுகிற முட்டையை வேகவைத்து ஓட்டோடு நொறுக்கி அவற்றுக்கே போடுகிறோம். கீழே வைத்ததும் எப்படி ஓடி வருகின்றன பாருங்கள்.

கழுதைகளைப் பற்றித் தனியாகவே ஒரு வீடியோ போடவேண்டும். வலித்தாலும் வெளியே காட்டாத பிராணி, தீனியை லேசாகக் குறைத்தாலே உள்ளே ஏதோ பெரிதாக இருக்கிறது என்று அர்த்தம். ஜோடியைப் பிரித்தால் சாப்பாட்டை நிறுத்திவிடும், அப்படிப் பட்டினி கிடந்தால் ரத்தத்தில் கொழுப்பு ஏறி உயிருக்கே ஆபத்தாகும். அதனால் ஒன்றைச் சிகிச்சைக்கு ஏற்றினால் அதன் தோழியையும் சேர்த்தே வண்டியில் ஏற்றுகிறோம்.

வருகிறவர்களுக்கு இரண்டு விஷயம். பழைய துணி, ரப்பர் செருப்பு, முன்னதாகவே டெட்டனஸ் ஊசி. வீட்டில் மாடு வைத்திருப்பவர்கள், பக்கத்து ஊரில் கோமாரி நோய் இருக்கிறது என்றால் அந்த வாரம் வராதீர்கள், உங்கள் செருப்பிலேயே அது இங்கே வந்துவிடும். காசு கொடுக்க விரும்பினால் பொங்கல் அண்டாவுக்கு ஆகிற செலவை அப்படியே வைக்கோலுக்குக் கொடுங்கள், உங்கள் ஊரிலேயே இருக்கிற காப்பகத்துக்குக் கொடுங்கள், இங்கேதான் என்று இல்லை. குழந்தைகளை அழைத்து வரலாம், ஆனால் மாடுகள் படுத்து அசை போடுகிற மதிய நேரத்தில் வந்து தொட்டுப் பார்க்கவேண்டும் என்று கேட்காதீர்கள். காலையில் தீவனத் தட்டை அள்ளிப்போட அவர்களும் உதவட்டும், மாடு பக்கத்தில் வந்தால் வரட்டும்.

லட்சுமியைப் புரட்டுகிற நேரமாகிவிட்டது, அண்ணன் கூப்பிடுகிறார். அடுத்த வீடியோவில் கழுதைக்குக் குளம்பு வெட்டுவதைக் காட்டுகிறேன், குளம்பு வெட்டுகிறவர் வருகிற நாளைப் பொறுத்து. கேமராவை இங்கேயே அணைக்கிறேன், நான்கு கை வேண்டும்.